ஒன்பது மணி வயிற்றுவலி

ஆறாம் வகுப்புக்குப் போன புதிதில் என் மகனுக்குத் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வயிறு வலிக்கும். எட்டே முக்கால் வரைக்கும் நன்றாக இருப்பான். டி.வி. பார்ப்பான், ரிமோட்டுக்காகத் தங்கச்சியோடு மல்லுக்கு நிற்பான், மூன்றாவது தோசைக்குச் சட்னி பற்றவில்லை என்று சத்தம் போடுவான். நான் பாயை விரித்து வேதப்புத்தகத்தை எடுத்து வைத்து, "ஜெபத்துக்கு வாங்க" என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விடுவான். பாட்டு முடியும், வாசிப்பு முடியும், ஜெபம் முடியும். "ஆமென்" சத்தம் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும்.

என் மனைவி நர்ஸ். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, ஆமென் சொன்னா குணமாகுற வயித்துவலிய என் சர்வீஸ்ல இப்பத்தான் பாக்கேன்."

இது 2023 ஜூன், ஜூலையில் நடந்தது. இப்போது அவன் எட்டாம் வகுப்பு. போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் சபைத் தம்பி ஒருவர், போன வருஷம்தான் குழந்தை பிறந்தது, பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, ஒங்க வீட்ல பிள்ளைங்கள எப்படி ஜெபத்துக்கு உக்கார வைக்கிய? எங்க வீட்ல இப்பவே பயமா இருக்கு" என்று கேட்டார். கைக்குழந்தைக்கு இப்போதே பயமா என்று சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி மனதிலேயே கிடந்தது. கோயில் வாசலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, அப்புறம் சபைகளுக்கு வேண்டிய நோட்டீஸ், கன்வென்ஷன் போஸ்டர், வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை. இருபது வருஷமாக ப்ரூஃப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எங்கே ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் குத்தும். சாவு வீட்டு போஸ்டரைப் பார்த்தாலும் முதலில் எழுத்துப்பிழைதான் தெரியும், செத்தது யார் என்பது அப்புறம்தான். இந்தக் கதைக்கு வில்லன் அந்த வியாதிதான்.

எனக்குச் சொந்த ஊர் முதலூர்ப் பக்கம். திருநெல்வேலிச் சீமையில் 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்று பேர். அந்தக் காலத்துக் கிறிஸ்தவ ஊர்களில் காலையிலும் சாயங்காலமும் கோயில் மணி அடித்து ஊரே கூடி ஜெபிப்பது வழக்கம். பனையேறிவிட்டு வந்தவர், கருப்பட்டி காய்ச்சிய கையைக் கழுவிவிட்டு வந்தவள், மூக்கு ஒழுகும் பிள்ளை, எல்லாரும் தரையில்தான். நான் பிறப்பதற்குள் அது வீட்டுக்குள் வந்து குடும்ப ஜெபமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் அப்பா அதை ஊர் ஜெபம் போலவேதான் நடத்தினார்.

அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் ஜெபம் நாற்பது நிமிஷம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரம் பார்த்திருக்கிறேன். அத்தியட்சரில், அதாவது பிஷப்பில் ஆரம்பிப்பார், பிரதமருக்கு வருவார், முதலமைச்சர், கலெக்டர், அப்புறம் சொந்தக்காரர்கள். அதற்கு ஒரு ரூட் உண்டு. சாத்தான்குளத்தில் ஏறி, நாசரேத், தூத்துக்குடி, மதுரை, மெட்ராஸ் வழியாகப் பம்பாய் தாராவியில் இருக்கிற சித்தப்பா வீடு வரைக்கும் போவார். தாராவி வந்துவிட்டால் முக்கால்வாசி முடிந்தது என்று அர்த்தம். என் அக்கா நடுவில் என்னைக் கிள்ளி, "எங்க வந்திருக்காவ?" என்று கேட்பாள். "மதுர" என்பேன். மறுபடி தூங்குவாள்.

நான் கல்யாணம் பண்ணும்போதே தீர்மானித்திருந்தேன், என் வீட்டில் இப்படி இருக்கக்கூடாது என்று. இருபது நிமிஷமாகக் குறைத்தேன். குறைத்ததைப் பெரிய சீர்திருத்தமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் இந்த வயிற்றுவலி.

சரி, வைத்தியம் பார்க்கலாம் என்று கடையில் உட்கார்ந்து ஒரு சார்ட் போட்டேன். மல்டிகலர், ஆர்ட் பேப்பர், லேமினேஷன். இடது பக்கம் தேதி, மேலே 'பாட்டு', 'வாசிப்பு', 'மனப்பாட வசனம்', 'ஜெபம்' என்று நாலு கட்டம். செய்தால் நட்சத்திர ஸ்டிக்கர், செய்யாத நாளுக்கு ஐந்து ரூபாய் அபராதம். பார்க்க அழகாக இருந்ததால் கடைக்கு வந்த இரண்டு சபைக்காரர்கள் தங்களுக்கும் ஐம்பது பிரதி வேண்டும் என்று ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டில் மட்டும் வேலைக்கு ஆகவில்லை. மகள் முதல் வாரத்தில் 28 நட்சத்திரம் வாங்கினாள். மகன் தன் உண்டியலை உடைத்து 150 ரூபாயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "இந்த மாசத்துக்கு அட்வான்ஸ்" என்றான்.

கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியது ஓங்கியதுதான். ஜெபத்துக்காகக் கை ஓங்கிய அப்பன்.

எங்கள் அப்பா அதற்கு முந்தின வருஷம் இறந்துபோனார். ஆகஸ்டில் அம்மா ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தாள். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கைபிடித்துக் கறுத்துப்போன வேதப்புத்தகம், சிரட்டையால் மூடிய ஒரு மண்கலயம். அந்தக் கலயத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அம்மா வந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ராத்திரி கரண்ட் போனது. என் போனிலும் சார்ஜ் இல்லை. மெழுகுவத்தி தேடிக் கிடைக்கவில்லை. வாசிக்க வழியில்லாததால் இருட்டிலேயே உட்கார்ந்து அம்மா ஒரு கீர்த்தனையை ஆரம்பித்தாள். அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது, மேலே போகும்போது காற்றுதான் வரும். பாதிப் பாட்டில் இன்னொரு குரல் சேர்ந்தது. மகன். பாத்ரூமிலிருந்து இல்லை, எனக்குப் பக்கத்தில் இருந்து. பாட்டு முடிந்து ஆச்சி மடியில் தலை வைத்து, ஜெபம் முடிகிற வரைக்கும் இருந்தான். மறுநாள் கரண்ட் இருந்தது. ஒன்பது மணிக்கு வயிற்றுவலியும் வந்தது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மா சொன்னாள்: "ஏல, அவன் ஜெபத்துக்குப் பயப்படல. ஒனக்குப் பயப்படுதான்."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் பிட்டுப் பிட்டு வைத்தாள். என் பிள்ளைகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். பேசுகிற தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் வேதப்புத்தகத்துத் தமிழை வாய்விட்டு வாசிப்பதென்றால் மகனுக்குக் கல் கடிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்திக்கொண்டே இருப்பேன். 'ர' இல்லை 'ற', அங்கே ஒற்று அழுத்து, மறுபடி முதலிலிருந்து வாசி. அப்போதுதான் எனக்கு அந்த மே மாத ராத்திரி ஞாபகம் வந்தது. முதலாம் சங்கீதம். ஆறே வசனம். முதல் வசனத்திலேயே 'பரியாசக்காரர்' என்று ஒரு வார்த்தை வரும். அதில் மாட்டிக்கொண்டான். "பரி... பரியா... பரியசாக்கர்..." சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, "மறுபடி வாசி" என்றேன். மூன்று தடவை வாசிக்க வைத்தேன். பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராதே என்று சொல்கிற சங்கீதம் அது. அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நானும் என் மகளும்.

பிள்ளை கடவுளைவிட்டு ஓடவில்லை. ப்ரூஃப் ரீடரைவிட்டு ஓடியிருக்கிறான்.

சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்தேன். லேமினேஷன் போட்டதால் கிழிக்க முடியவில்லை, கத்தரியால் வெட்ட வேண்டியிருந்தது. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் கேட்டது ஒரு மாதம் கழித்துத்தான், அதுவும் பைக்கில் போகும்போது அவன் முகம் தெரியாத தைரியத்தில்.

இனி கலயம். எங்கள் ஆச்சி காலத்திலிருந்து வீட்டில் உள்ள பழக்கம் அது. சமைக்க அரிசி அளந்து போட்டதும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவது. பிடி அரிசி. மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் இருக்கிறது, 1910 முதல் 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் நடத்தி வருகிறார்கள். அங்கே சபை வேலைகள் பலவும் அந்த அரிசியில்தான் ஓடுகின்றன. இங்கே டவுன் வீடுகளில் மறந்தே போய்விட்டது. நாங்கள் குக்கர்காரர்கள். என் மனைவி காலை டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் இரண்டு டம்ளர் அரிசியைக் கழுவிப் போட்டு விசிலுக்கு வைத்துவிடுவாள்.

அம்மா வந்த மறுநாளே கலயத்தை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அளந்த அரிசியைக் கழுவுவதற்கு முன்னால், "யாரு பிடி?" என்று குரல் கொடுப்பாள். சின்னவள் ஓடிவருவாள். டம்ளருக்குள் கையை விட்டு விரலை மடக்கி எடுத்தால் பாதி அரிசி வழிந்து மறுபடி டம்ளருக்குள்ளேயே விழும். அவ்வளவு சின்னக் கை. வெளியே வரும்போது முப்பது நாற்பது மணி இருக்கும். அம்மா தன் பிடியைப் போட்டு, அதன் மேல் அவள் பிடியைப் போட வைப்பாள். "ஏன் ஆச்சி, ஒங்க பிடி பெருசா இருக்கு?" என்று கேட்டதற்கு அம்மா, "எனக்கு நெறைய நாளு சோறு போட்டிருக்காருல்லா" என்றாள். நான் பல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக ஞாயிறு பள்ளிக்கூடத்திலும் என் இருபது நிமிஷத்திலும் கிடைக்காத ஒன்று அந்தப் பிள்ளைக்கு அங்கே கிடைத்தது என்று தோன்றியது.

மகனுக்கு அரிசியில் ஆர்வமில்லை. அவனுக்கு வேறொன்று வாய்த்தது. பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் குலவணிகர்புரம் ரயில்வே கேட் என்றால் தெரியும். காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்போதுதான் அது மூடும். எனக்கு அங்கே வாயில் வராத வார்த்தை இல்லை. ஒருநாள் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள், கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், நடுவில் மகன். கேட் மூடியது. அம்மா மெதுவாக 121ஆம் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தாள். புத்தகம் இல்லை, மனப்பாடம். எட்டு வசனம். முடிக்கவும் ரயில் போகவும் சரியாக இருந்தது. மகன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து கேட் மூடினால் 121. காதால் கேட்டே இரண்டு வாரத்தில் முழுதும் வந்துவிட்டது, ஒரு பிழை இல்லாமல். எதிர்ப்பக்க ரயிலும் வந்தால் கூடவே 23, அது ஆறு வசனம். பக்கத்து பைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரங்கள் நான்கு வருகின்றன. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. அந்த வசனத்தை எத்தனை நோட்டீஸில் அடித்திருப்பேன். ஆனால் நான் பிடித்து வைத்திருந்தது முதலாவதை மட்டும்தான்.

இப்போது எங்கள் ராத்திரி ஜெபம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நேரமும் ஒன்பது இல்லை, சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தட்டுக்கு முன்னாலேயே. ஒரு பாட்டு, யார் சொல்கிறார்களோ அது. வாசிப்புக்கு நீதிமொழிகள். அதில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம், பழைய ஆட்கள் செய்கிற கணக்குதான். முழு அதிகாரம் வாசிப்பதில்லை. ஆளுக்கு இரண்டு வசனம், அவரவர் கண்ணில் படுவது. மகன் இன்னும் தடுக்குவான். நான் தொடையில் கையை ஊன்றி அழுத்திக்கொண்டு சும்மா இருப்பேன். மனைவிக்கு நைட் ஷிஃப்ட் என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொம்பில் சாய்த்து வைப்போம். வார்டில் யாராவது கூப்பிட்டால் பாதி ஜெபத்தில், "இருங்க, டிரிப்ஸ் முடிஞ்சிட்டு" என்று போய்விடுவாள். அதுவும் ஜெபத்தோடு சேர்ந்ததுதான் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். "ஆண்டவரே, அம்மா டிரிப்ஸ் மாட்டுற தாத்தாவ குணமாக்கும்" என்று அவளாகவே சேர்த்துக்கொள்வாள்.

விட்டுப்போகிற நாட்களும் உண்டு. வாரத்தில் ஒருநாள், சில வாரம் இரண்டு நாள். டிசம்பர் மாதம் கடையில் காலண்டர் வேலை, அப்போது நானே பதினொரு மணிக்குத்தான் வருவேன். அம்மா நடத்திவிடுவாள்.

வீட்டை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். சபை இல்லாமல் எங்களால் ஆகியிருக்காது. சபையிலும் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வசனப் போட்டியில், எங்கே என்று வேண்டாம், மைக்கில் வைத்து, "இவனுக்கு ஒரு வசனமும் வரல, வீட்ல சொல்லிக்குடுக்கலையோ" என்று என் மகனைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில்தான் வயிற்றுவலிக்குப் பாதி விதை விழுந்திருக்கும். பிள்ளைகளை மேடையேற்றி மார்க் போடுவது எனக்கு இப்போது அறவே பிடிக்காது. அடுத்த போட்டிக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்ததும் நான்தான் என்பது வேறு விஷயம்.

ஆனால் அதே சபையில்தான், மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையும் இருக்கிறார். ஞாயிறு காலையில் மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். முதல் மணி, இரண்டாம் மணி, ஆராதனை தொடங்குகிற மூன்றாம் மணி. மகன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, "வாடே, நீ இழு" என்று கொடுத்தார். முதல் தடவை இழுத்தவன் மணி திரும்பிய வேகத்தில் ஒரு சாண் மேலே போய்விட்டான். இழுப்பது முக்கியமில்லை, விடுவதுதான் முக்கியம் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். கயிற்றைச் சரியாக அந்த நேரத்தில் விட்டால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சத்தம் வருமாம். முதல் மணிக்குப் போக வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பிள்ளையை எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற சண்டை எங்கள் வீட்டில் அதோடு நின்றது.

அவனுடைய ஞானத்தகப்பனார் எனக்குப் பள்ளிக்கூட சிநேகிதன், டூவீலர் மெக்கானிக். ஞானஸ்நானத்தன்று பெற்றோரோடு சேர்ந்து ஞானப்பெற்றோரும், பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது கிறிஸ்துமஸுக்கு ஒரு சட்டைத்துணியோடு முடிந்துவிடும். இவனும் அப்படித்தான் இருந்தான். நான் போய்ச் சொன்னேன்: "சட்ட வேண்டாம்டே, மாசத்துல ஒரு சனிக்கிழம அவன ஒன் பட்டறைல வச்சுக்கோ." ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு கிரீஸ் கையோடு வருவான். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. ஒருநாள் அவனாகச் சொன்னான்: "மாமா வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா மொதல்ல ஸ்தோத்திரம் சொல்லுதாவ, அப்புறம் கெட்ட வார்த்த சொல்லுதாவ." ஒளிவு மறைவில்லாத ஞானத்தகப்பன்.

சின்னவளுக்கு, விளைந்ததைக் கோயிலில் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை. மொட்டை மாடியில் ஒரு சாக்கில் மண் போட்டு அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்த சுரைக்கொடியில் காய்த்த முதல் காயைப் படைத்தாள். ஏலத்தில் ஒருவர் நூறு ரூபாய்க்கு எடுத்து மறுபடி ஏலத்துக்கே கொடுத்தார், அடுத்தவர் 180க்கு எடுத்துத் திரும்பக் கொடுத்தார், மூன்றாவதாக ஒரு அக்கா 250க்கு எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்றதும் இவள் ஓவென்று அழுதாள். திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். அன்று ராத்திரி ஜெபத்தில், "என் சுரைக்காய அந்த அக்கா நல்லா சமைக்கணும்" என்றாள்.

இனி 2023 டிசம்பர். திருநெல்வேலிக்காரர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் பாதிப் பேர்தான். கேரல்ஸ் போக வேண்டிய வாரம். விடாமல் பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குப் பக்கம். தாமிரபரணி ஏறி ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரமெல்லாம் தண்ணீருக்குள். எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். செவ்வாய்க்கிழமை எங்கள் சபைக் குருவானவர், ஐயர் என்றுதான் சொல்வோம், போன் பண்ணினார். கோயில் ஸ்டோர் ரூமைத் திறந்து அசன அண்டாவை வெளியே எடுத்திருக்கிறோம், ஆள் வேண்டும் என்று.

அசனம் என்றால் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி. பண்டிகையன்று ஊரே கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. சோறும் கறிக்குழம்பும் வீட்டுக்கும் வாளியில் வரும். அந்த அண்டாக்கள் வருஷத்தில் ஒருநாள்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். அன்றைக்கு அதில் தக்காளி சாதம் வெந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்ந்திருந்த பிடி அரிசி மூட்டைகளைப் பிரித்தபோது அம்மா குனிந்து பார்த்து, "நம்ம அரிசியும் இதுலதான் கெடக்கு" என்றாள். சின்னவள் மூட்டைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தாள், எது தன்னுடையது என்று தேடுகிற மாதிரி. சன்னம், பருமன், புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து கிடந்தது.

மகன் வெங்காயம் வெட்டினான். பொட்டலம் கட்டினான். மத்தியானம் என்னிடம் வந்து, "அப்பா, மழைக்காக நாம ஜெபம் பண்ணினோம்லா? அக்டோபர்ல கோயில்லயும் பண்ணினாவல்லா? அப்ப இது அதுக்குப் பதிலா?" என்று கேட்டான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கேட்காதே என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐயரிடம் கேள் என்று தள்ளிவிட்டேன். அவர் அடுப்பு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தார். அவன் கேட்டதை முழுதும் கேட்டார். "எனக்கும் தெரியலடே தம்பி. நானும் அதத்தான் ரெண்டு நாளா அவர்ட்ட கேட்டுட்டு இருக்கேன். வா, அந்தப் பக்கம் பிடி, எறக்குவோம்" என்றார். இரண்டு பேருமாக அண்டாவை இறக்கினார்கள். அந்தப் பதில் போதாது என்று சபையில் சிலர் நினைக்கலாம். என் மகனுக்கு அது போதுமாக இருந்தது. பெரியவர்களும் கடவுளிடம் கேள்வி கேட்கலாம் என்று அவனுக்கு அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை.

அந்த வாரம் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டி நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலில் வைத்துச் சமைத்துப் பயணிகளுக்குப் போட்டார்கள். ராத்திரி ஜெபத்தில் அந்த ஊருக்காகவும் ஸ்தோத்திரம் பண்ணினோம். மகன் கேட்டான்: "அவங்களும் பிடி அரிசி வச்சிருந்திருப்பாங்களோ?" வீட்டில் இருந்த அரிசியைத்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்றேன்.

அடுத்த கோடை விடுமுறையில் இரண்டு பேரையும் சில இடங்களுக்குக் கூட்டிப்போனேன். பெரிய பிரசங்கம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் பாளையங்கோட்டையிலேயே இருக்கிற, இங்கே சபை தொடங்கக் காரணமாயிருந்த குளோரிந்தா அம்மாள் 1785இல் கட்டிய சின்னக் கோயில். 1780இல் இங்கே சபை தொடங்கியபோது பதிவில் இருந்தவர்கள் 40 பேர் என்றேன். "எங்க கிளாஸ்லயே 42" என்றாள் சின்னவள். அப்புறம் ஊசிக்கோபுரம் என்று எல்லாரும் சொல்கிற தூய திரித்துவ ஆலயம், மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826இல் பிரதிஷ்டையானது. அதற்கப்புறம் பஸ்ஸில் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் அந்தக் கோயிலை 1847இல் தொடங்கி 1880இல் முடித்தார் என்று சொன்னதும் மகன் விரல்விட்டு எண்ணி, "33 வருஷமா? எங்க ஸ்கூல்ல புது பிளாக்கே எட்டு மாசத்துல முடிஞ்சிட்டே" என்றான். கோயிலுக்குள் வெளியைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இருவரும் தரையில் படுத்துக்கொண்டு உச்சியைப் பார்த்தார்கள். நான் எழுப்பவில்லை.

ஞானஸ்நான வாக்கைப் பிள்ளைகள் தாங்களே சொல்லி உறுதிப்படுத்துவதற்குப் பேர் திடப்படுத்தல். இந்த வருஷம் அந்த வகுப்பில் சேருகிறாயா என்று மகனிடம் கேட்டதற்கு, "அடுத்த வருஷம் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றான். எங்கள் அப்பா இருந்திருந்தால் அந்த 'யோசிச்சு' என்ற வார்த்தைக்கே பத்து நிமிஷம் ஜெபித்திருப்பார். எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது விரல்கள் வீங்கி மடங்குவதில்லை. கலயத்தில் போடும்போது அரிசி பிடியில் நிற்காமல் உதிர்கிறது. சின்னவள் வளர்ந்துவிட்டாள், இப்போது அவள் பிடிதான் பெரிது. "ஆச்சி பிடிய நான் போடுதேன்" என்று இரண்டு பிடி போடுகிறாள்.

நேற்று ராத்திரி நான் ஜெபித்து முடித்ததும் மகன் போனைக் காட்டினான். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, திங்கக்கிழம நாலு நிமிஷம். நேத்து அஞ்சு. இன்னைக்கு ஏழு. இப்பத்தான் மதுர தாண்டியிருக்கியா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். ஏழு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.